நீட் எழுதியாச்சு, எங்கே விண்ணப்பிப்பது? எம்சிசி, மாநிலக் கலந்தாய்வு பற்றி முதல் தடவை வருபவர்களுக்கு

நீட் தேர்வுக்குப் பதிவு செய்ததையே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர் நிறையப் பேர். எங்கள் வீட்டிலும் மகள் தேர்வு எழுதி முடிக்கும்வரை அப்படித்தான் இருந்தோம். நீட் மதிப்பெண் தருவதோடு சரி. சீட் வேண்டுமென்றால் அதற்கப்புறம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பமும் ஒன்றில்லை. டெல்லியில் ஒன்று, சென்னையில் ஒன்று, பக்கத்து மாநிலங்களில் வேறு சில. ஒவ்வொன்றுக்கும் இணையதளம் வேறு, கட்டணம் வேறு, கேட்கும் சான்றிதழ் வேறு, கடைசித் தேதி வேறு. இதைச் சொல்லித்தர ஆள் இல்லாத வீடுகளுக்காக, தமிழ்நாட்டு மாணவரை மனதில் வைத்து எழுதுகிறேன். தேதியும் கட்டணமும் வருடத்துக்கு வருடம் மாறலாம். அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. எந்தக் கல்லூரி எந்தக் கலந்தாய்வில் வருகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

டெல்லியில் இருந்து நடப்பது எம்சிசி கலந்தாய்வு, அதாவது மருத்துவக் கலந்தாய்வுக் குழு நடத்துவது. நாடு முழுவதும் உள்ள மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளின் 15 சதவீத இடங்கள், எய்ம்ஸ் அத்தனையும், புதுச்சேரி ஜிப்மர், பனாரஸ், அலிகர் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்கள், அப்புறம் நிகர்நிலைப் (டீம்டு) பல்கலைக்கழகங்களின் எல்லா இடங்களும் இதில்தான் வரும். மதுரை எய்ம்ஸ் தமிழ்நாட்டில் இருந்தாலும் அதற்கும் எம்சிசிதான். (அதன் முதல் மாணவர்கள் 2022-இல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கத் தொடங்கினார்கள்.)

சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்துவது மாநிலக் கலந்தாய்வு. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் மீதி 85 சதவீதம், சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீடு, அதே கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீடு மூன்றும் இங்கே. அரசு ஒதுக்கீட்டுக்கு ஒரு விண்ணப்பம், நிர்வாக ஒதுக்கீட்டுக்குத் தனியாக இன்னொன்று. ஒன்றைப் போட்டால் மற்றதும் சேர்ந்துவிடும் என்று எண்ணாதீர்கள். ரேங்க் பட்டியலே தனித்தனியாகத்தான் வரும்.

அதிகம் பேர் குழம்பும் இடம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ஸ்ரீ ராமச்சந்திரா, எஸ்ஆர்எம், சவீதா, செட்டிநாடு எல்லாம் சென்னையைச் சுற்றித்தான் இருக்கின்றன, தனியார் கல்லூரிகள்தான். ஆனால் மாநிலத்தின் நிர்வாக ஒதுக்கீட்டுப் பட்டியலில் இவற்றைத் தேடினால் கிடைக்காது. எம்சிசியில் 'டீம்டு' பிரிவைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும். பணம் தயாராக வைத்திருந்தும் தப்பான இடத்தில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலூர் சிஎம்சியில் சேர நினைப்பவர்கள் கல்லூரியின் சொந்த விண்ணப்பத்தையும் தனியாகப் போட வேண்டும், அதற்கும் கடைசித் தேதி உண்டு.

பெற்றோருக்கு இஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா? இஎஸ்ஐசி மருத்துவக் கல்லூரிகளில் காப்பீட்டாளர் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. எம்சிசி வழியாகத்தான் நிரப்புவார்கள். ஆனால் அதற்கான சான்றிதழை இஎஸ்ஐசி இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்து வைத்திருக்க வேண்டும். பனியன் கம்பெனியிலும் மில்லிலும் வேலை பார்க்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கட்டாயம் விசாரியுங்கள்.

2. உங்கள் ரேங்க் எந்தப் பக்கம் செல்லும் என்று பாருங்கள்

இரண்டிலும் விண்ணப்பிக்கலாம், முடிந்தவரை விண்ணப்பிக்கவும் வேண்டும். ஆனால் நம்பிக்கையை எதில் வைப்பது என்று முதலிலேயே தெரிந்தால் அலைச்சல் குறையும்.

அகில இந்திய ஒதுக்கீட்டில் அரசு எம்பிபிஎஸ் இடம் பொதுப் பிரிவில் சமீப வருடங்களாக அகில இந்திய ரேங்க் இருபதாயிரத்தைச் சுற்றி முடிந்துவிடுகிறது. ஓபிசிக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மாநிலக் கலந்தாய்வில் நிலைமையே வேறு. 69 சதவீத இடஒதுக்கீட்டோடு தமிழ்நாட்டு மாணவர்களுக்குள் மட்டும் போட்டி என்பதால், பிசி, எம்பிசி, எஸ்சி பிரிவுகளில் அதைவிட வெகு பின்னால் உள்ள ரேங்குக்கும் அரசுக் கல்லூரி கிடைக்கிறது. அறுபதாயிரம் ரேங்க் வாங்கிய பிள்ளை எம்சிசி பட்டியலைப் பார்த்துவிட்டு "எனக்கு இடமே இல்லை" என்று அழ வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை பார்க்க வேண்டியது மாநில ரேங்கும், தன் வகுப்புக்குள் வரும் ரேங்கும்தான்.

முந்தைய ஆண்டின் ஒதுக்கீட்டுப் பட்டியல்கள் இரண்டு தளங்களிலும் பிடிஎஃப் ஆகக் கிடக்கும். எம்சிசியின் இரண்டாம் சுற்று, மாநிலத்தின் இரண்டாம் சுற்று இரண்டையும் இறக்கி, உங்கள் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்க் என்ன என்று பாருங்கள். மதிப்பெண்ணை ஒப்பிடாதீர்கள். வினாத்தாள் ஒரு வருடம் எளிது, ஒரு வருடம் கடினம், அதற்கேற்ப மதிப்பெண் ஏறி இறங்கும். யூடியூபில் சொல்லும் கட்-ஆஃப் கணிப்பைவிட அந்தப் பிடிஎஃப் நம்பகமானது.

3. சாதிச் சான்றிதழ்: ஒன்று வைத்திருந்தால் போதாது

இந்தப் படியைத்தான் அவசரமில்லாமல் படிக்கச் சொல்வேன். தேர்வு எழுதும் முன்பே முடிக்க வேண்டிய வேலை இது.

பள்ளியில் வாங்கிய நிரந்தர சாதிச் சான்றிதழில் பிசி, பிசிஎம், எம்பிசி, டிஎன்சி, எஸ்சி, எஸ்சிஏ, எஸ்டி என்று ஏதாவது ஒன்று இருக்கும். மாநிலக் கலந்தாய்வுக்கு அது போதும். மாநில ஒதுக்கீட்டில் கிரீமி லேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தவர்களை ஒதுக்கீட்டில் இருந்து விலக்கும் விதி) என்ற பேச்சே கிடையாது, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பிசி பிசிதான்.

எம்சிசியில் அந்த அட்டை செல்லாது. பிசியோ எம்பிசியோ, அங்கே எல்லோரும் ஓபிசி. அதற்கு மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் என்று தாசில்தார் தரும் ஓபிசி சான்றிதழ் வேண்டும். அதுவும் நடப்பு நிதியாண்டில், ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருந்தால்தான் சிக்கல் வராது. போன வருடம் அண்ணனுக்கோ அக்காவுக்கோ வாங்கிய அதே மாதிரியில்தானே இருக்கிறது என்று பழையதை எடுத்துக்கொண்டு போனால், கல்லூரியில் சேரும் மேசையில் திருப்பி அனுப்புவார்கள். ஊரைவிட்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும்போது அது நடக்கும்.

இதில் இரண்டு சிக்கல். தமிழ்நாட்டுப் பட்டியலில் பிசியாக உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை. தேசிய பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் தளத்தில் தமிழ்நாட்டுக்கான மத்தியப் பட்டியல் இருக்கிறது. அதில் உங்கள் சாதிப் பெயர், அட்டையில் உள்ள அதே பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எம்சிசியில் பொதுப் பிரிவுதான்.

இன்னொன்று வருமானம். கிரீமி லேயருக்கான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் என்று கேட்டதும் அப்பாவின் சம்பளத்தையும் நெல் விற்ற பணத்தையும் கூட்டி "நமக்கு வராது" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த 8 லட்சக் கணக்கில் விவசாய வருமானம் சேராது. அரசு ஊழியர்களுக்குச் சம்பளத்தைப் பார்ப்பதில்லை, எந்த நிலைப் பதவியில் சேர்ந்தார் என்பதைத்தான் பார்ப்பார்கள். ஆகவே நீங்களாகவே முடிவுகட்டாமல், இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து விஏஓவிடமும் ஆர்ஐயிடமும் நேரில் விளக்கிக் கேளுங்கள். விண்ணப்பம் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மேசை மேசையாகப் போக வேண்டும். நடுவில் தேர்தல் வேலை, ஜமாபந்தி என்று ஏதாவது வந்தால் அப்படியே நிற்கும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே போட்டுவிட்டால் மே மாதத்தில் நிம்மதியாக இருக்கலாம்.

அருந்ததியர் மாணவர்களுக்கு மாநிலத்தில் எஸ்சிஏ, எம்சிசியில் எஸ்சி. எந்த ஒதுக்கீட்டிலும் வராத, பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு எம்சிசியில் 10 சதவீத இடபிள்யூஎஸ் ஒதுக்கீடு உண்டு. தமிழ்நாடு மாநிலக் கலந்தாய்வில் அது கிடையாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நீட் விண்ணப்பத்தில் எந்தப் பிரிவைக் குறித்தீர்களோ, எம்சிசி அதைத்தான் எடுத்துக்கொள்ளும். ஓபிசி வாங்க முடியும் என்றால் நீட் பதிவின்போதே அதைக் குறித்திருக்க வேண்டும்.

4. தமிழ்நாட்டுக்காரர் என்பதற்குச் சான்று

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்தவருக்கு வேலை எளிது. படித்த பள்ளிகளின் போனஃபைட் சான்றிதழ்கள் போதும். பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும், வகுப்பு விட்டுப்போகாமல்.

பூர்வீகம் தமிழ்நாடு, ஆனால் அப்பா வேலைக்காக பெங்களூரிலோ துபாயிலோ சில வகுப்பு படித்த பிள்ளை என்றால் நேட்டிவிட்டி சான்றிதழ் கட்டாயம். கூடவே பெற்றோரின் படிப்புச் சான்று, சாதிச் சான்று, ரேஷன் கார்டு என்று கேட்பார்கள். வேறு மாநிலத்தைச் சேர்ந்தவர் இங்கே ஆறு முதல் பன்னிரண்டு படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம், ஆனால் பொதுப் பிரிவில் மட்டும்.

7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பற்றி அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிய வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் இது பொருந்தும், கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. ஒரே ஒரு வருடம் உதவி பெறும் பள்ளியில் இருந்தாலும் போச்சு, அந்த வேதனை தனி. பள்ளித் தலைமை ஆசிரியரிடம் உரிய படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். ஆண்டு விடுமுறையில் பள்ளி பூட்டியிருக்கும், ஏப்ரலிலேயே பேசி வைத்துவிடுங்கள்.

5. தேதிகள்

நீட் மே மாதம் முதல் ஞாயிறை ஒட்டி நடக்கும், முடிவு ஜூனில். அதற்கப்புறம் மாநில விண்ணப்பம் பெரும்பாலும் எம்சிசிக்கு முன்பே திறந்து முன்பே மூடிவிடுகிறது. 2024-இலும் 2025-இலும் அப்படித்தான் நடந்தது. "எம்சிசி தொடங்கட்டும், சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்" என்று இருந்தால் மாநிலத்தைத் தவறவிடுவீர்கள். இரண்டிலும் முதல் சுற்றுப் பதிவு ஒரு வாரம், பத்து நாள் என்று குறுகிய காலம்தான்.

கேரளத்துக்கும் விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் முன்னால் விழித்துக்கொள்ள வேண்டும். அங்கே கீம் என்ற மாநில விண்ணப்பத்தில், நீட் முடிவு வருவதற்கு வெகு முன்பே, மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும். கர்நாடகத்துக்கு கேஇஏ, புதுச்சேரியின் தனியார் கல்லூரிகளுக்கு சென்டாக் என்ற அமைப்புகள் கலந்தாய்வு நடத்துகின்றன. வெளிமாநிலத்தவருக்கு அங்கெல்லாம் தனியார் கல்லூரி இடங்கள்தான் திறந்திருக்கும், கட்டணமும் அதற்கேற்ப. அந்த அளவுக்குப் பணம் இல்லையென்றால் இந்த விண்ணப்பங்களில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து.

சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதிக்கும் நீட் மதிப்பெண்தான், ஆனால் விண்ணப்பம் முழுக்க வேறு. அகில இந்திய அளவில் ஏஏசிசிசி என்ற ஆயுஷ் கலந்தாய்வுக் குழு, மாநிலத்தில் இந்திய மருத்துவத் துறையின் தேர்வுக் குழு. எம்பிபிஎஸ் விண்ணப்பத்தில் பிடிஎஸ் (பல் மருத்துவம்) சேரும், பிஎஸ்எம்எஸ் (சித்தா) சேராது.

6. பணம்: எவ்வளவு, யாருடைய கணக்கில் இருந்து

எம்சிசியில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,000 ரூபாய், எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 500. இது திரும்பாது. வைப்புத்தொகை பொதுப் பிரிவுக்கு 10,000, மற்றவர்களுக்கு 5,000. இது விதிப்படி நடந்தால் திரும்பும். நிகர்நிலைக்குப் பதிவு 5,000, வைப்புத்தொகை 2 லட்சம், எல்லாப் பிரிவுக்கும் ஒன்றுதான். மாநிலத்தில் அரசு ஒதுக்கீட்டு விண்ணப்பம் 500, நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 1,000. அரசு ஒதுக்கீட்டில் எஸ்சி, எஸ்சிஏ, எஸ்டி மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை.

வைப்புத்தொகை எந்தக் கணக்கில் இருந்து போனதோ அதற்கேதான் திரும்பி வரும். இங்கேதான் பெரிய ஆபத்து. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பிக்கிறோம். கடைசி நாள், சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கிறது, உங்கள் கார்டு ஒரு தடவை ஃபெயில் ஆகிறது. கடைக்காரர் நல்ல மனதோடு "என் கார்டிலேயே போட்டுவிடுகிறேன், நீங்கள் கையில் கொடுங்கள்" என்கிறார். ரொக்கத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம். மாதங்கள் கழித்து ரீஃபண்ட் அவருடைய கணக்கில் விழும். ஐயாயிரம் என்றால் போகட்டும், இரண்டு லட்சத்தை என்ன செய்வது? அம்மாவோ அப்பாவோ, குடும்பத்தில் ஒருவரின் கணக்கில் பணத்தைப் போட்டு, நெட் பேங்கிங் வரம்பை முதல் நாளே ஏற்றி வைத்துக்கொண்டு கட்டுங்கள். கலந்தாய்வு முடியும்வரை அந்தக் கணக்கை மூடாதீர்கள்.

மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் அதே கதைதான். கடைக்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்தால் ஓடிபி அவருக்குப் போகும். மகனோ மகளோ பெயரில் ஒன்று தொடங்கி, கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வையுங்கள்.

படிப்புச் செலவைப் பொறுத்தவரை அரசுக் கல்லூரியில் வருடத்துக்குச் சில ஆயிரங்கள்தான். சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீடு நான்கு லட்சத்தைத் தாண்டும், நிர்வாக ஒதுக்கீடு பத்து லட்சத்துக்கு மேல், நிகர்நிலை பல இடங்களில் இருபது லட்சத்துக்கும் மேல். விடுதி, சாப்பாடு தனி. இதை நாலரை வருடத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு, கட்ட முடியாத கல்லூரியை விருப்பப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். "சும்மா போட்டு வைப்போம்" என்று சேர்த்தது ஒதுக்கீடாகி வந்தால் இரண்டாம் சுற்றில் வைப்புத்தொகை போகும்.

7. விருப்பப் பட்டியல்

எது கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வரிசைப்படுத்த வேண்டாம். எது வேண்டுமோ அதை மேலே போடுங்கள். எட்டாத கல்லூரியை முதலில் போட்டதால் கீழே உள்ளது நழுவாது, ரேங்க் வரும்போது பட்டியலில் மேலிருந்து கீழாகத்தான் பார்ப்பார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பட்டியலைப் புதிதாகப் போட வேண்டும், முந்தைய சுற்றில் போட்டது வராது. லாக் செய்ததும் அச்சு எடுத்து வையுங்கள்.

எம்சிசியில் வெளிமாநில அரசுக் கல்லூரிகளைப் போடும் முன் பாண்டு விதியைப் படியுங்கள். மகாராஷ்டிரத்தில் படிப்பு முடிந்ததும் ஓராண்டு அரசுப் பணி, இல்லையென்றால் 10 லட்சம் கட்ட வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

8. இரண்டு பக்கமும் இடம் கிடைத்தால்

மகிழ்ச்சியான சிக்கல்தான், ஆனால் இங்கே தவறினால் இரண்டும் போகும்.

எம்சிசி முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராமல் விட்டால் எந்த இழப்பும் இல்லை. இரண்டாம் சுற்றில் கிடைத்துச் சேராவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். இரண்டாம் சுற்றிலோ அதற்குப் பிறகோ ஓரிடத்தில் சேர்ந்தவர், எம்சிசியானாலும் மாநிலமானாலும், அடுத்தடுத்த சுற்றுகளில் மற்ற பக்கம் போக முடியாது. சேர்ந்தவர்களின் பட்டியலை இரு தரப்பும் பகிர்ந்துகொள்கின்றன. கடைசியில் மிச்ச இடங்களுக்காக வரும் ஸ்ட்ரே சுற்றில் கிடைத்ததை விட்டால் அடுத்த நீட் எழுதவே தடை வரும். ஆக, உங்கள் முடிவுக்கான கெடு இரண்டாம் சுற்று. அதற்குள் எந்தப் பக்கம் என்று வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

முதல் சுற்றில் சேரும்போது "மேம்பட்ட இடம் வேண்டுமா" என்று கேட்பார்கள். வேண்டும் என்று சொல்லி, இரண்டாம் சுற்றில் பட்டியலில் உள்ள வேறு கல்லூரி கிடைத்துவிட்டால், பழைய இடம் அந்த நிமிடமே வேறொருவருக்குப் போய்விடும். திரும்பிப் போக வழியில்லை. ஆகவே இரண்டாம் சுற்றுப் பட்டியலில் இப்போது இருப்பதைவிட நிச்சயமாக நல்லது என்று நீங்கள் நினைக்கும் கல்லூரிகள் மட்டும் இருக்கட்டும்.

ஓரிடத்தில் சேர்ந்துவிட்டு விலகுபவர்கள் கல்லூரி அலுவலகத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, மூலச் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு வந்தால் முடிந்தது என்று நினைப்பார்கள். முடியவில்லை. எம்சிசி இடம் என்றால், கல்லூரி அந்த இணையதளத்திலேயே உங்கள் விலகலைப் பதிவு செய்து, அதில் இருந்து வரும் விலகல் கடிதத்தைத் தர வேண்டும். அது இல்லாவிட்டால் கணினியில் நீங்கள் இன்னும் அந்தக் கல்லூரி மாணவர்தான். அந்தக் கடிதத்தைக் கையில் வாங்காமல் அலுவலகத்தை விட்டு நகராதீர்கள், அன்றைக்கு மாலை ஐந்து மணி ஆனாலும் சரி.

9. தரகர்கள்

ரேங்க் பட்டியல் வெளியான மறுநாளில் இருந்து அழைப்புகள் வரும். "நிர்வாக ஒதுக்கீட்டில் நேரடியாக இடம், கலந்தாய்வு தேவையில்லை, முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்பார்கள். நாட்டில் எந்த எம்பிபிஎஸ் இடமும் கலந்தாய்வுக்கு வெளியே கிடையாது, என்ஆர்ஐ ஒதுக்கீடு உட்பட. ஒரு ரூபாய்கூட கொடுக்காதீர்கள்.

10. கோப்பில் இருக்க வேண்டியவை

நீட் ஹால்டிக்கெட், மதிப்பெண் அட்டை, பத்து, பன்னிரண்டு மதிப்பெண் சான்றிதழ்கள், டிசி, நடத்தைச் சான்று, ஆறு முதல் பன்னிரண்டு வரை போனஃபைட், மாநில சாதிச் சான்று, நடப்பாண்டு ஓபிசி சான்று, தேவைப்பட்டால் நேட்டிவிட்டி, முதல் பட்டதாரி சான்று, ஆதார், நீட் விண்ணப்பத்தில் ஒட்டிய அதே புகைப்படம் குறைந்தது எட்டுப் பிரதி. எல்லாவற்றிலும் மாணவரின் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்துக் கூட்டிப் பாருங்கள். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும் மதிப்பெண் சான்றிதழில் இனிஷியலாகவும் இருப்பது நம் ஊரில் சாதாரணம், வடமாநிலக் கல்லூரியில் அதற்கு விளக்கம் கேட்பார்கள். இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூலச் சான்றிதழ்களைக் கல்லூரியில் ஒப்படைக்கும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். எதையெதைக் கொடுத்தீர்கள் என்று கல்லூரி முத்திரையோடு ரசீதும் வாங்குங்கள். கல்வி உதவித்தொகைக்கும் வங்கிக் கடனுக்கும் அடுத்த மாதமே அவை கேட்கப்படும்.